நாலு தொப்பி நீதிபதி

அத்தியாயம் ஒன்பது

“மேடம், இந்தப் புத்தகத்தை எனக்கு முன்னாடி யாராவது திறந்திருப்பாங்களா?”

மொனாஷ் நெடுஞ்சாலையில் மழை. முன்னால் நின்ற கார்கள் ஒரு அடிகூட நகரவில்லை. பக்கத்து இருக்கையில் ஸ்ரீகாந்த் ஒரு தடித்த அட்டைப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்திருந்தான். போன ஞாயிறு கேரம் டவுன்ஸ் கோயிலுக்குக் கிட்ட ஒரு மண்டபத்தில் வாங்கி, நான் பின் இருக்கையில் எறிந்துவிட்டிருந்த புத்தகம் அது.

“சந்தேகம்தான். மெல்பனிலை தமிழ்ப் புத்தகம் வாசிக்கிறதுக்கில்லை, வெளியிடுறதுக்கு” என்றேன்.

பகிடிக்குச் சொல்லவில்லை. எங்கள் சனத்தின் வழக்கம் அது. மண்டபம் எடுப்போம், குத்துவிளக்கு ஏற்றுவோம், பொன்னாடை போர்த்துவோம். முதல் பிரதி, சிறப்புப் பிரதி, கௌரவப் பிரதி என்று வரிசையில் நின்று வாங்கிப் பல்லைக் காட்டிப் படம் எடுப்போம். வடை முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுவோம். புத்தகத்துக்குள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கிறவன் ஒருத்தன் இருந்தால் அவனை அடுத்த விழாவுக்குக் கூப்பிட மாட்டோம்.

என் பெயர் சந்திரவதனா. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். பிறர் சொன்ன பொய்களை இரண்டு மொழியில் திருப்பிச் சொல்லிச் சொல்லி வாய் கசந்துபோய், துப்பறியும் உரிமம் எடுத்தேன். ஸ்ரீகாந்த் என் உதவியாளன். சென்னைப் பிள்ளை. கணினி வேலை சலித்துப்போய் என்னிடம் வந்தவன். கை கால் எல்லாம் அரை நாள் வேலைதான் செய்யும், வாய் மட்டும் முழு நாளும் வேலை செய்யும்.

அப்போது எங்கள் கையில் இருந்தது டொறத்தியின் விவகாரம். நினைத்தாலே குமட்டுகிற விவகாரம்.

டொறத்தி மன்னார்க்காரி, கத்தோலிக்கப் பெண். முதியவர்களை அவர்கள் வீட்டிலேயே பராமரிக்கிறவள். டொக்டர் சிறியின் தாயாரைப் பல வருடமாகக் குளிப்பாட்டி, ஊட்டி, படுக்க வைத்தது அவள்தான். இந்த ஏப்ரலில் பெரிய வெள்ளிக்கிழமை பிற்பகல் அந்த அம்மா குளியலறையில் விழுந்து இறந்துபோனார். வீட்டில் வேறு யாருமில்லை. டொறத்தி சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்றார் டொக்டர். அம்மாவோடு தான் நிற்பதாகச் சொல்லி, மாதா கோயிலுக்குப் போய்வரும்படி டொக்டர்தான் அனுப்பினார் என்றாள் டொறத்தி. 

விசாரணை தொடங்கியது. கூடவே ‘தெற்குத் தென்றல்’ என்ற இலவசப் பத்திரிகையில் ‘ஊமைக்கண்’ என்ற புனைபெயரில் ஒருவன் வாராவாரம் அவளைக் கிழித்துத் தொங்கவிட்டான். பலசரக்குக் கடையில் சனம் அவளைக் கண்டு விலகி நின்றது. ஊமைக்கண் யாரென்று கண்டுபிடிக்கச் சொல்லித்தான் அவள் எங்களிடம் வந்தாள். பத்திரிகை ஆசிரியரைப் போய்க் கேட்டோம். கட்டுரை மின்னஞ்சலில் வரும், ஆளைத் தெரியாது என்று கையை விரித்துவிட்டார்.

இன்று இரண்டு மணிக்கு டொறத்தி கையெழுத்து வைக்கப் போகிறாள். பிழை முழுவதும் தன்மேல்தான் என்று ஒப்புக்கொள்கிற கடதாசி. கையெழுத்து விழுந்தால் இந்த நாட்டில் அவள் இனி எந்த நோயாளியின் கையையும் பிடிக்க முடியாது. ஒப்புக்கொண்டுவிட்டால் பேச்சு அடங்கிவிடும் என்று புத்தி சொன்னவர் அவளுடைய சட்டத்தரணி ஸ்ரான்லி. ஸ்ரீகாந்தின் மடியில் கிடந்த புத்தகத்தை எழுதியவரும் அவரேதான்.

“என்ன எழுதியிருக்கிறார்? வாசியும், நித்திரை வராமல் இருக்கட்டும்.”

“ஆம்ப்ரோஸ் விட்கோம்ப்னு ஒரு துரையோட வாழ்க்கை வரலாறு மேடம். தங்கம் தோண்டுன காலத்துல லண்டன்ல இருந்து விக்டோரியா வந்தாராம். வக்கீல், பத்திரிகைக்காரர், அரசியல்வாதி, கடைசியில ஜட்ஜ். நாலு தொப்பி. ஒவ்வொரு தொப்பிக்கும் ஒரு அத்தியாயம். தலை மட்டும் ஒண்ணுதான், அதுக்கு அத்தியாயம் இல்ல.”

“மேலை வாசியும்.”

சிரித்துக்கொண்டு பக்கம் புரட்டியவன் ஒரு இடத்தில் சிரிப்பை நிறுத்தினான். 

“மேடம், இதைக் கேளுங்க. ஹானான்னு ஒரு வேலைக்காரப் பொண்ணு. ஹோட்டல் முதலாளி வீட்டுக்கு அவ தீ வச்சதா கேஸ். விட்கோம்ப்தான் அவளுக்கு வக்கீல். பகல்ல கோர்ட்ல அவளுக்காக வாதாடுறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, வேற பேர்ல, பேப்பர்ல அவ குற்றவாளின்னு எழுதுறார்.”

“என்ன?”

“ஊரே பேப்பரைப் படிச்சிட்டு அவ மேல காறித் துப்புது. அவ பயந்துபோய், தான்தான் வச்சேன்னு ஒத்துக்கிறா. ஜெயில்லயே செத்துப்போறா. அந்த ஹோட்டல் முதலாளி விட்கோம்புக்கு எலெக்‌ஷன் வேலை பார்த்து ஜெயிக்க வைக்கிறான். நம்ம ஸ்ரான்லி சார் இதைப் பத்தி என்ன எழுதியிருக்கார் தெரியுமா? ‘தனிமனிதப் பரிவையும் பொதுநலனையும் கலக்காத பன்முகப் பேராண்மை.’”

செத்துப்போன வெள்ளைக்காரன் செய்த ஈனத்தனம் ஒருபுறம் இருக்கட்டும். அதைத் தோண்டி எடுத்து, துடைத்து, பொன்னாடை போர்த்தி எங்களிடமே விற்றிருக்கிறார் இந்த மனுசன். நானும் வரிசையில் நின்று வாங்கியிருக்கிறேன்.

“புத்தகத்துக்குள்ள அவரோட விசிட்டிங் கார்டு இருக்கு” என்றான் ஸ்ரீகாந்த். “சட்டத்தரணி, நகரசபை உறுப்பினர், தமிழர் இணக்கசபை நடுவர். அதாவது வக்கீல், அரசியல், ஜட்ஜ். ஹீரோவுக்கு நாலு தொப்பி, இவருக்கு மூணுதான் இருக்கு. அந்த துரை மாதிரியே கிருதா வளர்த்து, அதே மாதிரி சங்கிலிக் கடிகாரம் தொங்கவிட்டுட்டுத் திரியுற மனுஷன், பத்திரிகைத் தொப்பியை மட்டும் ஏன் மேடம் விட்டுட்டார்?”

முன்னால் கார்கள் அசைந்தன. 

“விட்டிருக்க மாட்டார்” என்றேன். “ஒளிச்சு வைச்சிருப்பார். வரப்போற மாநிலத் தேர்தலிலை ஸ்ரான்லியின்ரை தேர்தல் குழுத் தலைவர் ஆர் தெரியுமே? டொக்டர் சிறி.”

“அப்போ மாட்டினார்.”

“எங்கை மாட்டினார்? கிருதாவை வைச்சு ஒருத்தரைப் பிடிக்கேலாது. உந்தப் பத்திரிகையை எடும். பெரிய வெள்ளியைப் பற்றி ஊமைக்கண் எழுதினதை இன்னொருக்கா வாசிப்பம்.”

*

டொறத்தி குடியிருந்தது டன்டினொங்கில் ஒரு கட்டிடத்தின் பின்புறம் ஒட்டிய சின்ன யூனிற். ஒரு அறை, யன்னல் இல்லாத ஒரு குசினி. கோயிலுக்குப் போகிற சேலையைக் கட்டிக்கொண்டு, கைப்பையோடு புறப்பட்டு நின்றாள்.

“இருங்கோ வதனா. தேத்தண்ணி ஊத்துறன். இரண்டு மணிக்குத்தானே.”

“கையெழுத்து வைக்கத்தான் வேணுமே டொறத்தி அக்கா?”

“ஸ்ரான்லி சேர் சொல்லுறார், வைச்சாத்தான் கதை ஓயுமாம். எனக்கும் ஏலாமப் போச்சு. போன ஞாயிறு பூசையிலை எனக்குப் பக்கத்திலை இருந்த மனுசி எழும்பிப் போய் வேறை வாங்குப் பலகையிலை இருந்தவ.”

அழாமல் சொன்னாள். பெட்டிக்கடை விலை சொல்வது போலச் சொன்னாள்.

ஸ்ரீகாந்த் உட்காரக் கதிரை தேடினான். இருந்தது ஒன்று. மரியாதைக்கு நின்றுகொண்டே சுற்றிப் பார்த்தான். குசினிக்குள் எட்டிப் பார்த்தவன் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். நானும் பார்த்தேன். பிறிஜ்ஜின் மேல், சுவரோடு ஒட்டி, முழங்கை அளவு உயரமான ஒரு மாதா சுரூபம் நின்றது. நீல அங்கி.

“அக்கா, ஊமைக்கண் பெரிய வெள்ளியைப் பற்றி எழுதினதை நீங்கள் முழுக்க வாசிச்சனீங்களோ?”

“தலைப்பை மட்டும் வாசிச்சனான். மிச்சம் வாசிக்க மனம் வரேல்லை.”

“இப்ப நான் ஒரு வரி வாசிக்கிறன். கோவிக்காமல் கேளுங்கோ.” பத்திரிகையை விரித்தேன். “‘பெரிய வெள்ளி பிற்பகல். முதியவள் உயிருக்குப் போராடிய வேளை. தன் வீட்டில் கதிரையில் கால் நீட்டி உறங்கினாள் அந்தப் பெண். யன்னலால் கண்ட சாட்சி சொல்கிறார்: குளிர்சாதனப் பெட்டியின் மேலிருந்த நீல அங்கி மாதா மாத்திரம் கண்விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.’”

தேநீர் ஊற்றிய கை நின்றது. கோபம் வரும் என்று நினைத்தேன். அவள் முகத்தில் வந்தது ஆச்சரியம்.

“பெரிய வெள்ளியிலை மாதாவின்ரை முகம் எப்பிடித் தெரியும்? நோன்பிருக்கிற தபசு காலம் முடியிறதுக்குள்ளை ஊதாத் துணி போட்டு மூடிப்போடுவமெல்லோ. கோயிலிலையும் அப்பிடித்தான், எங்கடை வீட்டிலையும் அப்பிடித்தான். உயிர்த்த ஞாயிறுக்குத்தான் திறக்கிறது. இதைக்கூடத் தெரியாதவரே எழுதினவர்?”

“பேருக்கு மட்டும் கிறிஸ்தவர் ஒருத்தரா இருக்கலாம்” என்றேன். “சரி. அந்த நேரம் நீங்கள் இந்த வீட்டிலை இல்லைத்தானே?”

“இல்லையே. அப்ப நோபிள் பார்க்கிலை இருந்தனான். மாதாவுக்கெண்டு ஹோலிலை வடிவான தட்டு ஒண்டு இருந்தது. வேலை போனாப் பிறகுதானே மே மாதம் இங்கை வந்தனான். இங்கை இடமில்லை, பிறிஜ்ஜுக்கு மேலை ஏத்தினன். பாவம் மாதா.”

ஸ்ரீகாந்த் மெல்லச் சொன்னான். “ஆன்ட்டி, ஏப்ரல்ல நடந்ததைப் பார்த்த சாட்சி, மே மாசம் நீங்க குடிவந்த வீட்டைப் பார்த்திருக்கார். ரொம்ப நல்ல கண்ணு.”

“இந்த வீட்டுக்குள்ளை இதுவரை ஆர் ஆர் வந்தவை?” என்று கேட்டேன்.

அவள் வாய் திறப்பதற்குள் அவளுடைய போன் அடித்தது. கேட்டுவிட்டுக் கைப்பையை எடுத்தாள். 

“சேர் கொஞ்சம் முந்தி வரட்டாம். அவருக்குப் பின்னேரம் வேறை கூட்டம் இருக்காம்.”

*

ஸ்ரான்லியின் அலுவலகச் சுவரில் விட்கோம்ப் துரை எண்ணெய் வர்ணத்தில் முறைத்துக்கொண்டிருந்தார். கீழே ஸ்ரான்லி அதே கிருதாவோடு சிரித்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து டொறத்தியின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திப் பிடித்தார்.

“வாங்கோ அக்கா. பயப்பிடாதேங்கோ. உங்களை என்ரை சொந்தத் தமக்கை மாதிரித்தான் பாக்கிறன். இதோட எல்லாம் முடிஞ்சிடும். ஓ, வதனாவும் வந்திருக்கிறா. என்ன, அந்த ஊமைக்கண் அம்பிட்டானோ?”

“உங்கடை புத்தகம் வாசிச்சனாங்கள்” என்றேன்.

ஒரு எழுத்தாளனுக்கு இதைவிட இனிய செய்தி இல்லை. ஆனால் ஸ்ரான்லியின் முகம் ஒரு கணம் வெளுத்தது. 

“முழுக்கவோ?”

“ஹானா வரைக்கும் சார்” என்றான் ஸ்ரீகாந்த். “அதுக்கு மேல வாந்தி வந்திடுச்சு.”

டொறத்தி எங்களை மாறி மாறிப் பார்த்தாள். நான் அவளிடம் திரும்பினேன். 

“அக்கா, வீட்டிலை கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லேல்லை. டன்டினொங் வீட்டுக்குள்ளை இதுவரை ஆர் ஆர் வந்தவை?”

“ஆர் வருவினம், ஊர் ஒதுக்கி வைச்ச ஆளின்ரை வீட்டுக்கு? நீங்கள் இரண்டு பேரும்தான். அதுக்கு முதல்...” அவள் நிறுத்தினாள். பார்வை மேசைக்கு அந்தப் பக்கம் போனது. “அதுக்கு முதல் சேர் வந்தவர். வாக்குமூலம் எழுத. குசினி வாசலிலை நிண்டுதான் தேத்தண்ணி குடிச்சவர்.”

ஸ்ரான்லி கடிகாரச் சங்கிலியைத் தடவினார். 

“என்ன கதை இது? வதனா, நான் அவவின்ரை சட்டத்தரணி.”

“ஓம். அதுதான் அருவருப்பு. பகலிலை சட்டத்தரணி, இரவிலை ஊமைக்கண். பிறிஜ்ஜுக்கு மேலை நிண்ட மாதாவை எழுத்துக்கு அழகா இருக்குமெண்டு தூக்கிப் பெரிய வெள்ளிக்குள்ளை வைச்சிட்டீங்கள். பெரிய வெள்ளியிலை சுரூபத்தை மூடியிருப்பினம் எண்டு தெரியாத நீங்கள்தான் யேசுவின்ரை பாடுகளின்ரை ஊர்வலத்திலை முன்னுக்கு நிண்டு படம் எடுக்கிறது.”

மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். மறுக்கவில்லை. கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து, சலித்துக்கொண்டவர் போலப் பேசினார். வெட்கம் என்ற ஒன்று அந்த முகத்தில் எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

“சரி, எழுதினன் எண்டே வையுங்கோ. விட்கோம்ப் செய்யாததே? அவருக்குத் தெருவுக்குப் பேர் வைச்சிருக்கினம். எங்கடை சமூகத்துக்குப் பாராளுமன்றத்திலை ஒரு ஆள் வேணும். சிறி போன்ற ஒருத்தரின்ரை பேர் கெட்டா எல்லாம் பாழ். ஒரு பராமரிப்பு வேலைக்காரிக்கு வேறை வேலை கிடைக்கும்.”

அவளை வைத்துக்கொண்டே, அவள் இல்லாதது போலச் சொன்னார். கொஞ்சம் முந்திச் சொந்தத் தமக்கை என்றவர். சீ, இவன் பிரதிக்கு நான் வரிசையில் நின்றேனே என்று எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

“உங்கடை உரிமம் போகும்” என்றேன்.

“போகட்டும், பாப்பம். ஆனா டொக்டர் அவவைப் போகச் சொன்னதுக்கு என்ன அத்தாட்சி? டொக்டரின்ரை குரல் செய்தி ஒண்டு இருந்ததாம். ‘அதை வைச்சிருந்தா உங்களுக்குத்தான் பிழை’ எண்டு நான் சொல்ல, அவ அப்பவே அதை அழிச்சவ. கேட்டுப் பாருங்கோ.”

நான் டொறத்தியைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்திருந்தாள். எங்களுக்கு உதவக்கூடிய ஒரே நூலையும் அறுத்துவிட்டார் பாவி என்று நினைத்தேன்.

“சேர், மன்னிக்க வேணும்” என்றாள் டொறத்தி. “நான் அதை அழிக்கேல்லை.”

ஸ்ரான்லியின் கை சங்கிலியை விட்டது. 

“அழிச்சிட்டன் எண்டு சொன்னீங்கள்.”

“பொய் சொன்னனான். அழிக்கத்தான் எடுத்தனான், மனம் வரேல்லை. அதிலை அம்மாவின்ரை குரல் இருக்கு.”

கைப்பையிலிருந்து போனை எடுத்து மேசையில் வைத்து அமத்தினாள். முதலில் டொக்டரின் அவசரக் குரல். “டொறத்தி அக்கா, நீங்கள் சிலுவைப்பாதைக்குப் போட்டு வாங்கோ. இண்டைக்கு முழுக்க நான் அம்மாவோட நிக்கிறன்.” அதற்குப் பின்னால், தூரத்தில், கட்டிலில் இருந்து வந்த மெலிந்த குரல். “ஆர், டொறத்தியோ? குடை கொண்டு போகச் சொல்லு தம்பி. மழை வரப்போகுது.”

அவ்வளவுதான் செய்தி. அந்த அம்மாவின் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. என் கண் கலங்கிவிட்டது. டொறத்தி போனை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

“சிறி வேணுமெண்டு விட்டிட்டு வரேல்லை” என்றார் ஸ்ரான்லி. குரல் உடைந்து வேகமாக வந்தது. “கூட்டத்துக்கு அரை மணித்தியாலம்தான் எண்டு வந்தவர். அது இழுபட்டுப் போச்சு. அதுக்கு ஆர் என்ன செய்யிறது?”

“எந்தக் கூட்டம்?” என்றேன்.

அவர் வாயை மூடினார். பிந்திவிட்டது. 

ஸ்ரீகாந்த் விட்கோம்பின் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “தேர்தல் குழுக் கூட்டம் மேடம். ‘வந்தவர்’னு சொன்னாரே, அப்போ சார் வீட்டுலதான். பெரிய வெள்ளி மத்தியானம், பெத்த தாயைத் தனியா விட்டுட்டு வந்து சார் வீட்டு சோபாவுல உட்கார்ந்திருக்கார் டாக்டர். சார் அவருக்காக மட்டும் எழுதல. தனக்காகவும்தான் எழுதியிருக்கார்.”

மேசையில் ஒப்புதல் கடதாசி இன்னும் கிடந்தது. கையெழுத்து வைக்கிற இடத்தில் மஞ்சள் ஒட்டு ஒன்று ஒட்டியிருந்தார்கள். டொறத்தி அதைத் தொடவில்லை. ஸ்ரான்லியை நிமிர்ந்து பார்த்தாள்.

“அண்டைக்கு என்ரை குசினியிலை வைச்சு எல்லாம் சொன்னனான்” என்றாள். “அம்மாவுக்குத் தலை வாரி இழுத்து விடுறது, ராவிலை அவ பயந்தா கையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறது, எல்லாம். நீங்களும் கண்ணைத் துடைச்சனீங்கள். அதுக்குப் பிறகுதான் போயிருந்து அதை எழுதினனீங்களோ?”

“அக்கா, இருங்கோ, கதைப்பம்.” ஸ்ரான்லி எழுந்து வந்து மறுபடியும் அவள் கையைப் பிடித்தார். “நாங்கள் ஒரே சனம். வெளியிலை போகாமல் பேசித் தீர்ப்பம்.”

அவள் கையை மெல்ல இழுத்து எடுத்தாள். எத்தனையோ வருடம் பிறருடைய மலமும் சலமும் வாந்தியும் துடைத்த கை அது. அதை உடம்பில் படாமல் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“வதனா, இங்கை கை கழுவ எங்கை இருக்கு?”